பல்லாவரத்துக் கோடரிக்கு வயது என்ன?

'பல்லாவரத்தில் கிடைத்த கற்கோடரிக்கு வயது 15 லட்சம் ஆண்டு.' மேடைப் பேச்சிலும் வாட்ஸ்அப்பிலும் இந்த வாக்கியம் அலுக்காமல் வந்துகொண்டிருக்கிறது. அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் என்று இந்த வட்டாரத்தில் குடியிருப்பவர்களுக்கு அதில் ஒரு பெருமை. ஏரி, குவாரி, விமான இரைச்சல் தவிர நம் ஊருக்கும் சொல்லிக்கொள்ள ஒன்று இருக்கிறதே என்கிற மிதப்பு. வாக்கியத்தில் இரண்டு செய்திகள் உள்ளன. கோடரி பல்லாவரத்தில் கிடைத்தது உண்மை. 15 லட்சம் என்பதும் முறையான ஆய்வில் கிடைத்த எண்தான். ஆனால் அந்த எண் அந்தக் கோடரியைச் சோதித்துக் கிடைத்தது கிடையாது. சென்னைக்கு வடமேற்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தள்ளி, கொசஸ்தலை ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் அத்திரம்பாக்கத்தின் எண் அது. ஓர் ஊரின் வயதைக் கொண்டுவந்து இன்னோர் ஊரின் கல்லில் ஒட்டியிருக்கிறார்கள்.

ஒட்டினால் என்ன தப்பு என்று கேட்கலாம். இரண்டும் பழைய கற்காலக் கருவி, இரண்டையும் கண்டுபிடித்ததில் ஒரே ஆளுக்குப் பங்கு, கண்டுபிடித்த ஆண்டும் ஒன்றே. ஒன்றைப் போல இன்னொன்று இருந்தால் இரண்டுக்கும் ஒரே காலம் என்று கொள்வது அறிவியலுக்குப் புதிதும் அன்று. புதைபடிவங்களின் காலத்தை அப்படித்தான் இருநூறு ஆண்டாகக் கணித்து வருகிறார்கள். ஆகவே கேள்வியைத் தள்ளிவிட முடியாது. கல்லின் வயது, புதைபடிவத்தின் வயது, கருவியின் வயது ஆகியவை எப்படிக் கிடைக்கின்றன, எதில் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம் என்று பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புக்கு வர வேண்டும். அதற்கு வேண்டிய சாட்சிகள் எல்லாம் நம் சுற்றுவட்டாரத்திலேயே இருக்கின்றன.

முதலில் காலடிக் கல். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளும் சிக்கராயபுரம் கல்குவாரிகளும் ஒரே இனக் கருங்கல். (2017, 2019 வறட்சிகளில் அந்தக் குவாரிகளில் தேங்கிய தண்ணீரும் சென்னைக் குழாய்களில் வந்தது; நம் குன்றுகளைச் சென்னை ஜல்லியாகவும் தின்றது, தண்ணீராகவும் குடித்தது.) புவியியலார் இதைச் சார்னோக்கைட் என்பார்கள். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற கம்பெனி அதிகாரியின் கல்லறை மேல் கிடந்த கல்லைத் தாமஸ் ஹாலந்து ஆராய்ந்தார். அது சென்னைப் பக்கத்துக் கல்லோடு ஒத்துப்போவதைக் கண்டு, 1893இல் அந்த மனிதரின் பெயரையே கல்லுக்கு வைத்தார். பரங்கிமலையில் உள்ள சார்னோக்கைட்டை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தேசியப் புவியியல் சின்னமாக அறிவித்திருக்கிறது.

இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. கேட்டவுடன் நம்ப முடியாத எண். ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எண்களிலேயே உறுதியானது இதுதான். காரணம், கல்லுக்குள் மணல் துகளினும் சிறியதாகக் கிடக்கும் சிர்க்கான் என்ற கனிமம். சிர்க்கான் உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே சேர்த்துக்கொள்ளும், ஈயத்தைச் சேர்க்காது. பிறகு யுரேனியம் சிதைந்து ஈயமாகிக்கொண்டே இருக்கும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டு ஆகும். யுரேனியம்-235க்கு 70 கோடி ஆண்டு. இரண்டும் வெவ்வேறு வகை ஈயமாக மாறுகின்றன. ஆக, ஒரே துகளில் வேகம் வேறான இரண்டு கணக்குகள் ஓடுகின்றன. ஈயம் கசிந்து வெளியேறியிருந்தாலோ யுரேனியம் புதிதாக நுழைந்திருந்தாலோ இரண்டு கணக்கும் இரண்டு விடை தரும். மோசடி உடனே தெரிந்துவிடும். தன் பிழையைத் தானே காட்டிக்கொடுக்கும் முறை என்பதால்தான் இதற்கு இத்தனை மதிப்பு. 1960களின் இறுதியிலேயே ருபிடியம்–ஸ்ட்ரான்சியம் என்ற வேறொரு இணையை வைத்துச் சென்னைச் சார்னோக்கைட்டை அளந்தபோதும் 260 கோடிக்கு அருகில்தான் வந்தது.

சிதைவு வேகம் அன்றும் இன்றும் ஒன்றுதான் என்று எப்படித் தெரியும் என்ற ஐயம் நியாயமானது. 1987இல் ஒரு விண்மீன் வெடித்தது தெரிந்தது. அதன் ஒளி நம்மை வந்தடைய ஏறத்தாழ 1.68 லட்சம் ஆண்டு ஆகியிருந்தது. அதாவது நாம் பார்த்தது அவ்வளவு பழைய நிகழ்ச்சி. அதில் பிறந்த கோபால்ட்-56, இன்றைய ஆய்வுக்கூடத்தில் சிதையும் அதே வேகத்தில், 77 நாளுக்குப் பாதி என்ற கணக்கில் மங்கியது. வேகம் மாறியிருக்கும் என்று சொல்ல விரும்புகிறவர்தான் இனி ஆதாரம் காட்ட வேண்டும்.

இங்கேயும் ஓர் எச்சரிக்கை உண்டு. கல் முதலில் குழம்பாக இருந்து இறுகியது. பின்னர் பூமிக்குள் ஆழத்தில் அமுங்கி வெந்து உருமாறியது. சிர்க்கானின் மையம் முதல் நிகழ்ச்சியைச் சொல்லும், அதன் மேல் பிறகு வளர்ந்த விளிம்பு இரண்டாவதைச் சொல்லும். எதை அளந்தார்கள் என்று சொல்லாமல் 'கல்லின் வயது' என்று மட்டும் சொன்னால் அது பாதி விடை. வயது என்பது பொருளுக்கு இல்லை, அந்தப் பொருளுக்கு நேர்ந்த ஒரு நிகழ்ச்சிக்கு. இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே போவோம். கோடரி வழக்கிலும் இது வேண்டியிருக்கும்.

அனகாபுத்தூரிலிருந்து குன்றத்தூர் வழியாக மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். இன்று கார் தொழிற்சாலைகளுக்குப் பெயர் பெற்ற அந்த ஊரின் பெயர் புவியியல் நூல்களில் வேறு காரணத்துக்காக இடம்பெற்றுவிட்டது. அங்குள்ள களிப்பாறை அடுக்குகளில் டைலோஃபில்லம் போன்ற பழந்தாவரங்களின் இலைப் பதிவுகளும், கூடவே கடல்வாழ் உயிர்களின் எச்சங்களும் கிடைத்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாவரங்களை ஆராய்ந்த ஓட்டோ ஃபைஸ்ட்மாண்டல் அவற்றை ஜுராசிக் காலத்தவை என்றார். கடல் உயிர்களோ அதற்கடுத்த கிரெட்டேசியஸ் காலத்தின் தொடக்கத்தைக் காட்டின. ஒரே பாறை, இரண்டு சாட்சி, இரண்டு காலம்.

யாரை நம்புவது? இலையையோ சிப்பியையோ நேராக அளக்க வழியில்லை. பெரும்பாலான புதைபடிவங்களுக்குள் அவ்வளவு நீண்ட காலத்தை எண்ணக்கூடிய கதிரியக்கக் கணக்கு எதுவும் நம்பத்தக்கதாக ஓடுவதில்லை. கார்பன் முறை இருக்கிறதே என்பார்கள். அதன் எல்லை ஏறத்தாழ 50,000 ஆண்டு. பாதியாக 5,730 ஆண்டே எடுக்கும் கார்பன்-14 அதற்கு மேல் அளக்க முடியாத அளவுக்குக் கரைந்துபோகும். முதுமக்கள் தாழிகளோடு கிடைக்கும் கரிக்கும் எலும்புக்கும் அது சரி. டைனோசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் ஒப்பிட்டுத்தான் சொல்ல வேண்டும். ஒப்பிடுவதில் ஒரு நுட்பம் உண்டு. அனகாபுத்தூர் நெசவாளர் ஒருவரிடம் பழைய சேலை ஒன்றைக் காட்டினால், பார்டர் டிசைனைப் பார்த்து எந்தப் பத்தாண்டில் நெய்தது என்று சொல்லிவிடக்கூடும். வெள்ளை வேட்டியைக் கொடுத்தால் அவரால் சொல்ல முடியாது. வேட்டி அவருக்குத் தெரியாது என்பதாலா? அது மாறவே இல்லை என்பதால்.

அம்மோனைட் என்ற சுருள் ஓட்டு உயிரினங்கள் பார்டர் டிசைன் போல. கடல் முழுக்கப் பரவின, விரைவாக மாறின, ஓரினம் சில லட்சம் ஆண்டில் மறைந்து இன்னோர் இனம் வந்தது. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் அம்மோனைட்டுகளைக் கொண்டு அந்தப் பாறைகளை ஐரோப்பியப் பாறைகளோடு அடுக்குக்கு அடுக்கு பொருத்த முடிகிறது. டைலோஃபில்லம் வேட்டி ரகம். ஜுராசிக்கில் இருந்தது, கிரெட்டேசியஸிலும் இருந்தது. ஆகவே கடல் உயிர்களின் சாட்சியே வலுவானது. ஆனால் ஒப்பீடு ஒப்பீட்டையே சார்ந்திருந்தால் அது வட்ட வாதம்: படிவத்தை வைத்துப் பாறைக்குக் காலம், பாறையை வைத்துப் படிவத்துக்குக் காலம். குறை சொல்பவர்கள் விடாமல் பிடித்துக்கொள்ளும் இடம் இது. வட்டத்தை உடைப்பவை எரிமலைக் குழம்பும் சாம்பலும். ஜார்க்கண்டின் ராஜ்மகால் குன்றுகளில் இதே வகைத் தாவரங்கள் எரிமலைப் பாறை அடுக்குகளுக்கு நடுவே சிக்கியிருக்கின்றன. அந்தக் குழம்புப் பாறையை ஆர்கான் முறையில் அளந்தால் 11.7, 11.8 கோடி ஆண்டு வருகிறது. ஜுராசிக் முடிந்தது 14 கோடி ஆண்டுக்கும் முன்னால். இந்த வகைத் தாவரம் கிரெட்டேசியஸிலும் செழித்திருந்தது என்று குழம்புப் பாறை தனிச்சாட்சி சொல்லிவிட்டது. ஆக ஸ்ரீபெரும்புதூர் இலைகள் ஜுராசிக்கைக் கட்டாயப்படுத்தவில்லை. வழக்கு கிரெட்டேசியஸ் பக்கம் முடிந்தது, முடிந்தது சரிதான். ஃபைஸ்ட்மாண்டல் கவனக்குறைவானவர் என்று சொல்ல மாட்டேன். அவர் கையில் கிடைத்த சாட்சி அப்படி.

இனி கோடரி. 1863 மே 30ஆம் நாள், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரம் கண்டோன்மெண்ட் அணிவகுப்புத் திடலை ஒட்டிச் சரளைக்காகத் தோண்டிய குழியில் மனிதக் கை செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வு அங்கே தொடங்குகிறது. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வில்லியம் கிங்கும் அவரும் அத்திரம்பாக்கத்தில் ஏராளமான கருவிகளைக் கண்டார்கள். ஃபுட் தம் கண்டுபிடிப்பைச் செம்புரைக்கல் படிவுகளோடு சேர்த்துப் பேசினார். ஆண்டுக் கணக்குச் சொல்ல அப்போது வழியே கிடையாது, கதிரியக்கத்தையே 1896இல்தான் கண்டார்கள். அவருடைய சேகரிப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் வாங்கியது.

இரண்டு இடங்களின் கதையும் இதற்கு மேல் பிரிந்துபோகிறது. அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் 1999இலிருந்து முறைப்படி அகழ்ந்தார்கள். எந்தக் கருவி எந்த அடுக்கில் கிடந்தது என்பது பதிவாயிற்று. பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து 2011இல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரைதான் 15 லட்சத்தின் பிறப்பிடம்.

அவர்கள் அளந்தது இதை. தரை மேல் கிடக்கும் குவார்ட்ஸ் கல்லில் விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் பட்டு அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு அரிய அணுவகைகள் ஏறத்தாழ 7க்கு 1 என்ற விகிதத்தில் உண்டாகும். கல் ஆழமாகப் புதைந்தால் கதிர் எட்டாது, உற்பத்தி நிற்கும், இருப்பது சிதையும். அலுமினியம் ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டில் பாதியாகும், பெரிலியம் 14 லட்சம் ஆண்டில். வேகம் வேறென்பதால் 7க்கு 1 என்ற விகிதம் சரிந்துகொண்டே வந்து, ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டில் பாதியாகிவிடும். இப்போதுள்ள விகிதத்தைப் பார்த்தால் புதைந்து எவ்வளவு காலம் என்று தெரியும். ஆறு கற்கருவிகளை இப்படி அளந்து, சேர்த்து எடுத்த சராசரி 15.1 லட்சம் ஆண்டு, முன்பின் 70,000. கவனியுங்கள்: அடுக்கை மட்டும் அளக்காமல் கருவியையே அளந்திருக்கிறார்கள். அளவிடக் கல்லைக் கரைக்கத்தான் வேண்டும். கருவியைப் பலி கொடுத்துத்தான் வயது கேட்க முடியும்.

இதில் குறை இல்லையா? இருக்கிறது. இந்த முறை செதுக்கிய நாளைச் சொல்லாது, புதைந்த காலத்தைச் சொல்லும். இன்னும் முக்கியமாக, கல் ஒரே ஒருமுறை புதைந்தது என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு கூழாங்கல் சரளையில் சில லட்சம் ஆண்டு புதைந்து கிடந்து, வெளிப்பட்டு, அதன் பிறகு ஆதிமனிதன் கையில் ஏறி, மீண்டும் புதைந்திருந்தால் என்ன ஆகும்? முதல் புதைவின் காலமும் கணக்கில் ஏறி, கருவி உள்ளதைவிட மூப்பாகத் தெரியும். ஆறு என்பதும் பெரிய எண்ணிக்கை இல்லை. ஆறும் ஒரே சமயத்தில் புதைந்தன என்று கொண்டால்தான் அந்த 70,000 என்ற குறுகிய பிழைவரம்பு நிற்கும்.

இந்த ஐயங்களுக்கு ஆய்வாளர்களிடமே பாதி பதில் இருந்தது. அவர்கள் மண் அடுக்குகளின் காந்தத் திசையையும் அளந்தார்கள். பூமியின் வடதுருவமும் தென்துருவமும் காந்தத்தில் அவ்வப்போது இடம் மாறியிருக்கின்றன. கடைசி மாற்றம் ஏறத்தாழ 7.8 லட்சம் ஆண்டுக்கு முன். கருவிகள் கிடந்த அடி அடுக்குகள் திசை மாறிய காலத்தின் காந்தத்தைக் காட்டின. அப்படியானால் அவை 7.8 லட்சத்துக்கு இளையவையாக இருக்க முடியாது. அதற்கும் முன்னால் 10.7 லட்சம் முதல் 9.9 லட்சம் வரை ஒரு குறுகிய இடைவெளியில் திசை இன்றைய நிலைக்குத் திரும்பியிருந்தது. இரண்டு முறைகளின் முடிவையும் சேர்த்து, அந்த அடுக்குகள் 10.7 லட்சத்துக்கு இளையவை ஆகா என்று முடித்தார்கள். காந்தம் தனியாக ஆண்டு சொல்லாது, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் சொல்லும். ஆனால் கல்லுக்குள் இருக்கும் அணுக்களும் மண்ணின் காந்தமும் ஒன்றையொன்று அறியாத சாட்சிகள். இருவரும் ஒத்துப்போவது கனமான விஷயம். என் எடை இது: குறைந்தது 10.7 லட்சம் என்பதை ஏற்கலாம். 15 லட்சம் சிறந்த மதிப்பீடு. மாற்றச் சொல்ல வலுவான காரணம் எதுவும் இல்லை. முன்பின் 70,000 என்பதை மட்டும் நான் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன்.

அதே இடத்தின் மேல் அடுக்குகளை 2018இல் 'நேச்சர்' இதழில் வந்த கட்டுரை எடுத்துக்கொண்டது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் உதவியோடு ஒளிர்வு முறையில் மணல் துகள்களை அளந்தார்கள். துகள் வெயில் படாமல் புதைந்திருக்கும்போது சுற்றுமண்ணின் கதிரியக்கத்தால் உள்ளே ஆற்றல் சேரும்; வெயில் பட்டால் அழிந்து பூஜ்யமாகும். சேர்ந்த ஆற்றலை ஒளியாக வெளியேற்றி அளந்தால், கடைசியாக வெயில் கண்டது எப்போது என்று தெரியும். இதன் பலவீனத்தை அனகாபுத்தூர்க்காரருக்கு விளக்குவது சுலபம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அடையாறு நம் தெருக்களில் வண்டலைக் கொட்டிவிட்டுப் போனது. இரவிலும் கலங்கல் நீரிலும் அடித்துவரப்பட்ட அந்த மணல் எல்லாமே முழு வெயில் பார்த்திருக்கும் என்று சொல்ல முடியாது. ஏதாவது வீட்டு அஸ்திவாரத்தின் கீழ் அது தங்கி, பிற்காலத்தில் யாராவது அளந்தால், 2015க்கு வெகு முந்தைய வெள்ளம் என்று விடை வரக்கூடும். ஆகவே இந்த முறையில் துகள்கள் முழுதாக வெளுத்தவையா என்ற சோதனை இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. அத்திரம்பாக்கத்தில் வந்த விடை: கைக்கோடரி மரபு பின்வாங்கி, சிறிய நேர்த்தியான கருவிகள் வரும் இடைப் பழங்கற்காலம் ஏறத்தாழ 3.85 லட்சம் ஆண்டுக்கு முன் தொடங்கியது, முன்பின் 64,000. பிழைவரம்பை இவ்வளவு அகலமாக வெளியில் சொன்னதே அந்தக் கட்டுரையின் மேல் எனக்கு மதிப்பைக் கூட்டுகிறது.

பல்லாவர வழக்கை முடித்துவைப்பது இந்த இரண்டாவது கட்டுரைதான் என்பது என் கட்சி. ஒரே அத்திரம்பாக்கத்தில் கைக்கோடரி செய்யும் வழக்கம் 15 லட்சம் ஆண்டுக்கு முன் இருந்தது. 4 லட்சம் ஆண்டு அளவில்தான் மாறியது. அதாவது பத்து லட்சம் ஆண்டுக்கும் மேலாக ஒரே மாதிரிக் கோடரி. அப்படிப்பட்ட கோடரி ஒன்று பல்லாவரத்தில் கிடைத்தால், உருவத்தை மட்டும் வைத்து அந்த நீண்ட வெளியில் எந்த இடத்தில் வைப்பது? கைக்கோடரி அம்மோனைட் இல்லை, டைலோஃபில்லம். பார்டர் இல்லை, வேட்டி. ஒப்பிட்டு வயது ஒட்டும் உரிமை விரைவாக மாறும் பொருளுக்குத்தான் உண்டு.

சரி, கோடரியையே நேராக அளந்துவிடலாமே? கருவி குவார்ட்சைட்டாக இருப்பதால் கொள்கை அளவில் முடியும். ஆனால் கணக்கைத் தொடங்க அது எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எவ்வளவு காலம் அசையாமல் கிடந்தது என்று தெரிய வேண்டும். சரளைக்காகத் தோண்டிப் போட்ட குழியில் கிடைத்த கல்லுக்கு அந்த விவரம் இல்லை. இந்தியத் தொல்லியலின் முதல் சாட்சியைக் கரைத்து, விளங்காத ஓர் எண்ணைப் பெறுவது யாருக்கும் நியாயமாகப் படாது. குழியும் இன்று இல்லை. கண்டோன்மெண்ட், குடியிருப்பு, விமான நிலையம் என்று ஊரே மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஒரே ஒரு வழி மீதமிருக்கிறது. பல்லாவரத்தைச் சுற்றி இன்னும் கலையாத செம்புரைச் சரளை அடுக்கு எங்காவது வெட்டுப்பட்டால், அதில் கருவி கிடந்தால், அதை அசைக்காமல் தொல்லியல் துறையைக் கூப்பிட வேண்டும். தாம்பரம் மாநகராட்சி எல்லைக்குள் கால்வாய்க்கும் அடுக்குமாடிக்கும் தினம் பள்ளம் வெட்டுகிறார்கள். வெட்டும்போது பார்க்கத்தான் ஆளில்லை. அந்த அடுக்கு கிடைக்கும் வரை, பாடநூல் எழுதுகிறவர்களும் மேடையில் பேசுகிறவர்களும் இப்படி எழுதட்டும்: பல்லாவரத்துப் பாறை, ஏறத்தாழ 250 கோடி ஆண்டு; அத்திரம்பாக்கத்துக் கருவிகள், ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு, குறைந்தது 10.7 லட்சம்; பல்லாவரத்துக் கோடரி, கண்டெடுத்தது 1863, வயது கணிக்கப்படவில்லை.